ஆற்றுச் சங்கமத்திலிருந்து துறைமுகம் வரை: தனியாக ஒரு நாள் பயணம்

கோலாலம்பூரில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் நீங்கள் எங்கே போவீர்கள்? பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் நான் தங்கியிருந்த மலிவு விடுதியில், முதுகுப்பையோடு வந்திருந்த வெளிநாட்டு இளையர்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருந்தது. காலையில் பத்துமலை, மதியம் செண்ட்ரல் மார்க்கெட், மாலையில் இரட்டைக் கோபுரத்தின் முன் ஒரு படம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்துமலையின் 272 படிகளை நானும் பலமுறை ஏறியவள்தான். ஆனால் இந்தச் செமஸ்டர் விடுமுறைக்கு என் கையில் வேறு திட்டம் இருந்தது.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் காலையில் தொடங்குவது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ், பிறகு கிள்ளான் நகரம், கடைசியில் துறைமுகப் படகுத்துறை. பாதி நடை, பாதி கே.டி.எம். கொமுட்டர். சாப்பாடு உட்பட ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடிக்க வேண்டும். சுங்கைப்பட்டாணியிலிருந்து இதற்காக நான் தனியாகப் புறப்படுகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வியை உங்களால் ஊகிக்க முடியும். "தனியாவா?"

இந்தப் பாதையைத் தேர்ந்ததற்கு என் பாட்டிதான் காரணம். அவருக்கு 86 வயது. காலையில் சாப்பிட்டது சில நாள் மறந்துவிடுகிறது. ஆனால் மூன்று பெயர்கள் மட்டும் அடிக்கடி வாயில் வரும்: பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்ஸ், கிள்ளான், 'போட்டு ஸ்வெட்னம்'. பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கி, ரயில்வேயில் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தவர். பாட்டி கல்யாணமாகிக் கெடா தோட்டத்துக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. அவர் வந்த வழியில் நான் தலைகீழாகப் போய்ப் பார்க்க நினைத்தேன்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றுப் பாடத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்பது 2013 முதல் நடப்பில் உள்ள விதி. அதற்காக நாம் மனனம் செய்யும் ஆண்டுகளில் பல, இந்த ஒரே ரயில் பாதையின் ஓரத்தில் கட்டடங்களாக நிற்கின்றன.

சேறும் செங்கல்லும்

காலை ஏழரை மணிக்கு மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் கூட்டம் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றோர நடைபாதைக்கு வந்துவிட்டால் அமைதி. இரண்டு ஆறுகள் சேரும் முனையில் 1909-இல் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல். தண்ணீர் தே தாரெக் நிறத்தில் ஓடுகிறது. 'கோலாலம்பூர்' என்ற பெயருக்குச் சேற்றுச் சங்கமம் என்று பொருள் சொல்வார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி, ஈயம் தேடி இந்த ஆற்றில் மேல்நோக்கி அனுப்பினார். சங்கமத்துக்கு மேல் படகு போகாது. இறங்கிக் காட்டுக்குள் அம்பாங் வரை நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேர் மலேரியாவில் இறந்தார்கள், எஞ்சியவர்கள் 18 பேர். பாடநூலில் இது ஒரு வரி. அந்த முனையில் நின்று 87 பேரை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். என் பள்ளியில் இரண்டு வகுப்பு மாணவர்கள்.

அந்தக் காலக் கோலாலம்பூர் அத்தாப்பும் மரமும் கலந்த ஊர். 1881-இல் ஒரு தீ விபத்தும் ஒரு வெள்ளமும் அதை நாசமாக்கின. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிமேல் கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்றார். செங்கல்லுக்கு எங்கே போவது? காப்பித்தான் யாப் ஆ லோய் நகருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் போட்டார். அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். தோசைக்கும் பட்டுச்சேலைக்கும் பெயர்போன இடத்தின் பெயரில் தோசையும் இல்லை, சேலையும் இல்லை.

டத்தாரான் மெர்டேக்கா எதிரிலுள்ள சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897-இல் முடிந்தது. செங்கல் சிவப்பும் வெள்ளை வளைவுகளுமாக நிற்கும் அதைப் படமெடுத்துவிட்டு, துன் எச்.எஸ்.லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் நிறுவிய கோயில் இது. தைப்பூசத்துக்கு முன் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதும் இங்கிருந்துதான். பூ வாங்கி, பையை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பூக்கடை அக்கா என் முதுகுப்பையைப் பார்த்து, "எங்கிருந்து வர்றே தங்கச்சி, தனியாவா?" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்டது அது இரண்டாவது முறை. மாலைக்குள் ஐந்தாகிவிட்டது.

கோயிலிலிருந்து பாசார் செனி நிலையத்துக்கு வந்து, ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் போனால் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையம். 1910-இல் திறக்கப்பட்டது. ஜாமெக் பள்ளிவாசலை வரைந்த ஆர்தர் பெனிசன் ஹப்பாக்தான் இதையும் வரைந்தார். வெள்ளைக் குமிழ்களும் வளைவுகளும் பார்த்தால் அரண்மனைபோல் இருக்கும். ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பழகிய பாணி இது. 1892-இல் கட்டப்பட்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உறவு தெரியும். இன்று பெரும்பாலான பயணிகள் அடுத்த நிலையமான கே.எல். செண்ட்ரலுக்கே போய்விடுகிறார்கள். மேடையில் என்னோடு நின்றவர்கள் நான்கே பேர்.

பிரிக்பீல்ட்ஸ்: கேட்காத சத்தம்

கே.எல். செண்ட்ரல் 2001-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த நிலம் முழுவதும் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் முற்றம். பணிமனைகளும் முற்றமும் இங்கே இருந்ததால்தான் ரயில்வேயில் வேலை செய்தவர்களும் இங்கே குடியேறினார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் தண்டவாளத்தில் வேலை செய்தார்கள். ஒரே ரயில்வே, ஒரே மொழி, ஆனால் வீடு, சம்பளம், மரியாதை எல்லாம் வேறுவேறு. இதை நாம் வெளியில் அதிகம் பேசுவதில்லை.

அந்த வேறுபாட்டின் தடயம் இன்னும் கண்ணில் படும். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையில் 1904-இல் உருவான விவேகானந்த ஆசிரமம் இருக்கிறது. சிங்களவர்கள் 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரையும் நடந்துபோகும் தூரம்தான். தொழிலாளர்கள் இருந்த வீடுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

துன் சம்பந்தன் சாலையில் நடக்கும்போது அந்தப் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பல வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. அப்போது தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவோம் என்று துன் வீ.தி.சம்பந்தன் முன்னின்று 1960-இல் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். இப்போது அவர் பெயர் தாங்கிய சாலைக்கு மேலே மோனோரயில் ஓடுகிறது, கீழே கடைகளில் திரைப்பாட்டு ஓடுகிறது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் சேர்ந்து இந்த வட்டாரத்தை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். யானைச் சிலைகளோடு ஒரு நீரூற்று, அலங்கார வளைவுகள், ஊதா வண்ணம். எனக்கு அந்த அலங்காரம் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. வெற்றிலைக் கடைக்கும் பூமாலைக்கும் வளைவு தேவையில்லை, அவை தாமாகவே இந்தியாதான்.

இங்கே நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், பார்வையற்ற பலர் இந்த வட்டாரத்தில் வசிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். வெள்ளைக் கோலோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடீரென்று நின்றார்.

"ஏம்மா, முன்னால ஏதோ நிக்குதா?"

"ஆமா அங்கிள், மோட்டார். சரியா கோட்டு மேலயே நிப்பாட்டியிருக்காங்க."

"தெனமும் இதே கூத்துதான். எங்களுக்குன்னு போட்ட கோடு, நிப்பாட்டறது அவங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, மோட்டாரைச் சுற்றிக் கடந்தோம். பிறகு நான் எண்ணிக்கொண்டே நடந்தேன். அந்த ஒரு தெருவில் கோட்டை மறித்து நான்கு மோட்டார்கள், ஒரு விளம்பரப் பலகை, ஒரு குப்பைத்தொட்டி.

பாட்டி சொல்லும் 'கோட்டர்ஸ்' ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலை ஓரங்களில் இருந்தது. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே, அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் மேம்பாட்டுக்காக அவற்றை இடித்துவிட்டார்கள். இது தெரிந்துதான் போனேன். இருந்தாலும் அந்த இடத்தில் நின்றபோது, எதைப் பார்க்க வந்தேன் என்று ஒரு நிமிடம் திகைப்பாக இருந்தது. பாட்டிக்கு வீடியோவில் அழைத்தேன். அண்ணன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டான்.

உயர்ந்த கட்டடங்களைக் காட்டினேன். பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "இது எந்த ஊரு?" என்றார். பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "வண்டிச் சத்தம் கேக்கலையே?" என்றார்.

"எந்த வண்டி பாட்டி?"

"ராத்திரி பூரா வண்டி கோப்பாங்க. டமால் டமால்னு. அது கேட்டாத்தான் எங்களுக்குத் தூக்கமே."

அந்த முற்றம்தான் இப்போது கே.எல். செண்ட்ரல். அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, இதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத ஒன்றைப் பாட்டி சொன்னார். "சித்தப்பாவ அங்கதான் வண்டி ஏத்துனாங்களாம். சயாமுக்கு. அம்மா சொல்லும். வரவே இல்ல."

ஜப்பானியர் 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபர் வரை போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் தோட்டப்புறத்தார். காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் பல்லாயிரம். போர்க்கைதிகளாகப் போன வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. அது எங்கள் குடும்பக் கதை என்பது எனக்கு அந்த நடைபாதையில் நின்றபோதுதான் தெரிந்தது. பாட்டியிடம் மேலே கேட்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரமாகிவிட்டது. ஒரு கடையில் வாழையிலை போட்டு உட்கார்ந்தேன். தனியாகச் சாப்பிடுவது முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருக்கும், சாம்பார் வந்ததும் போய்விடும். பரிமாறிய அண்ணனுக்கு என் வயதிருக்கும். பேச்சு மொழி நம்முடையது போல் இல்லை. ஊர் எது என்று கேட்டேன். நாகப்பட்டினம் பக்கம் என்றார். திருச்சியிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரமாம். முகவருக்குக் கட்டிய பணம் கடன் வாங்கியது, அது இன்னும் அடையவில்லையாம். "இன்னொரு அப்பளம் வைக்கவாக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினார். கொள்ளுத்தாத்தா வந்த ஊரிலிருந்து, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே பிரிக்பீல்ட்ஸுக்கு, அதே மாதிரி கடனோடு ஒருவர்.

ஜன்னலோர இருக்கை

கொமுட்டரில் நடுப்பெட்டி மகளிருக்கானது. இளஞ்சிவப்பு அடையாளம் போட்டிருக்கும். தனியாகப் போகும் மாணவிகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு நேரலை இருப்பிடத்தை அனுப்பியிருந்தேன், மின்சேமிப்பான் ஒன்று பையில் இருந்தது, இருட்டுவதற்குள் திரும்புவது என்று முடிவு. இவ்வளவுதான் என் பாதுகாப்பு ஏற்பாடு. ஒன்று மட்டும் கவனம், வண்டி தவறினால் அடுத்ததற்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அட்டவணையை முன்பே பார்த்துவிடுங்கள்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கில் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் வந்தது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. கிள்ளான் வட்டாரத்தில் முதலில் காப்பித் தோட்டங்கள் வந்தன. பிரேசில் காப்பி மலிந்து விலை விழுந்ததும், மோட்டார் வண்டிகளின் சக்கரத்துக்காகப் பால்மரம் வந்தது. பால்மரம் நம்மவர்களை அழைத்து வந்தது.

ஜன்னலுக்கு வெளியே இப்போது அடுக்குமாடிகளும் கார் விற்பனைக் கூடங்களும்தான். ஆனால் பெட்டாலிங் ஜெயா உருவான இடம் எஃபிங்ஹாம் தோட்டம். சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். ஒவ்வொரு நிலையமும் ஒரு பழைய தோட்டத்தின் மேல் நிற்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த பல்கலைக்கழக மாணவிகள் மூவரும் இறங்கும்வரை கைப்பேசியை விட்டுத் தலை நிமிரவில்லை. அவர்கள் தினமும் போகும் பாதை, அலுத்திருக்கும்.

கிள்ளான்: சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

கிள்ளான் நிலையத்திலிருந்து எல்லாமே நடைதூரம். ராஜா அப்துல்லாவின் ஈயக் கிடங்கு 1850-களில் கட்டியது, காலையில் பார்த்த சங்கமத்துக்கு அந்த 87 பேரை அனுப்பிய அதே ராஜா அப்துல்லா. இந்த ஊருக்காகத்தான் 1867-இல் ராஜா மஹாடியோடு உள்நாட்டுப் போர் மூண்டது. 1880 வரை சிலாங்கூரின் தலைநகரமும் இதுதான். பக்கத்தில் அரச காட்சியகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடம் 1909-இல் வந்தது, அதுவும் ஹப்பாக் வரைந்தது. காலையிலிருந்து இவர் என்னைத் துரத்திக்கொண்டே வருகிறார்.

தெங்கு கெலானா சாலை பிரிக்பீல்ட்ஸைவிட எனக்குப் பிடித்தது. அலங்காரம் குறைவு, வியாபாரம் அதிகம். முறுக்கு, மல்லிகை, பித்தளைக் குத்துவிளக்கு, தள்ளுபடிச் சேலை, எல்லாவற்றுக்கும் மேல் மிளகாய்த்தூள் வாசம். ஒரு ரிங்கிட்டுக்குக் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே நடந்தேன்.

1941-இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் நடந்ததைப் பள்ளியில் நான் படித்த நினைவில்லை. அந்த ஆண்டு மார்ச் முதல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன். தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று: தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரையோ கிராணியோ எதிரே வந்தால் இறங்கி நிற்கத் தேவையில்லை என்பது.

கூலி உயர்வைப் புரிந்துகொள்வது எளிது. சைக்கிளை விட்டு இறங்கமாட்டேன் என்பதை ஒரு கோரிக்கையாக எழுத வேண்டியிருந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். அவசரநிலை அறிவித்து இராணுவத்தை இறக்கினார்கள். குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை, ஜப்பானியர் வந்துவிட்டார்கள். துரைமார்கள் கப்பலேறினார்கள். தொழிலாளர்களில் பலருக்குச் சயாம் வண்டி காத்திருந்தது. மதியம் பாட்டி சொன்னது இங்கே வந்து சேர்ந்துகொண்டது.

நான் நடந்த தெருக்களில் இதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு தாத்தா மட்டும் கூடையில் வாழைத்தாருடன் சைக்கிளில் போனார், கார்கள் அவருக்காக மெதுவாகப் போயின.

கிள்ளானில் பார்க்காமல் விட்டது அதிகம். 1892-இல் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குக்கூட நேரமில்லை. கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் மட்டும் பாதி தூரம் நடந்தேன். மேலே வாகனங்களுக்கு, கீழே நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் என்று இரண்டு அடுக்காகக் கட்டியது. காலையில் பார்த்த அதே ஆறு இங்கே மூன்று மடங்கு அகலத்தில் ஓடுகிறது.

கடைசி நிலையம்

பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தில் தண்டவாளம் முடிகிறது. இறங்கிச் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகுகள் இங்கிருந்துதான்.

இந்தத் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டபோது, இரண்டே மாதத்தில் மலேரியா கொள்ளைநோயாகி, இதை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவைத்தார், குட்டைகளைத் தூர்த்தார், வாய்க்கால் வெட்டினார். ஓரிரு ஆண்டுகளில் நோய் வெகுவாகக் குறைந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். கண்டுபிடிப்பு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து ஒரு ஊரையே காப்பாற்ற நான்கைந்து ஆண்டுகள் போதுமாக இருந்தன. மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைப்பவர்கள் வாட்சனைப் பற்றித் தேடிப் படிக்கலாம். அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகள் யாருடையவை என்பது அவர் பெயரோடு சேர்ந்து வருவதில்லை.

1972-இல்தான் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், போர்ட் கிள்ளான் ஆயிற்று. 1926-இல் கட்டிய 'ரஜூலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இந்தத் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய்வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். மேல்தளத்தில் பாயை விரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். இறங்கியதும் நோய்த்தடுப்பு முகாம். பிறகு ரயில். தோட்டத் தொழிலாளர்களுக்கு உதவிப் பயணம் கொடுத்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. எங்கள் கொள்ளுத்தாத்தா அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

தூரத்தில் பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன. ஒரு கொள்கலன் கப்பல் அசைவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. மீன் வாடை, டீசல் வாடை. பார்ப்பதற்கு அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். சுற்றுலா விளம்பரத்தில் இது வராது. தீவிலிருந்து வந்த படகில் மூட்டைகளோடு இறங்கிய சீன ஆன்ட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "சோராங் சாஜா?" என்றார். தனியாகத்தானா என்று கேட்கிறார். ஐந்தாவது முறை. ஆமாம் என்றேன். பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பும் வண்டியில் மகளிர் பெட்டி நிறைய தொழிற்சாலைப் பெண்கள். வேலை முடிந்த களைப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செலவைக் கூட்டினேன், 43 ரிங்கிட் சொச்சம். குறிப்பேட்டின் பின்பக்கத்தில், ஊருக்குப் போனதும் பாட்டியிடம் கேட்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கினேன். எந்தக் கப்பல். எந்த வருடம். கோட்டர்ஸில் வீட்டு எண் என்ன. சயாமுக்குப் போன சித்தப்பாவின் பெயர் என்ன. ஷா ஆலம் தாண்டும்போது பக்கம் நிறைந்துவிட்டது. பாட்டிக்குக் காலை வேளையில்தான் நினைவு தெளிவாக இருக்கும். அன்றிரவே பேருந்து ஏறினால் விடிவதற்குள் வீட்டில் இருக்கலாம் என்று, விடுதிக்கு அழைத்து இரண்டாவது இரவை ரத்து செய்தேன்.